பீலிக்கரை கிளினிக்

“கங்காணி ஐயா, நீங்க எழும்பி வெளிய போங்க,” என்றாள் மாரியாயி.

டாக்டர் ஸலீமின் பேனா நின்றது. மருத்துவ உளவியல் மேற்படிப்புக்காகப் பயிற்சிக்கு வந்திருந்த அவளுக்கு முதல் நாளே அவர் சொல்லியிருந்தார்: “தோட்டத்துல என்னவும் கேளுங்க. கங்காணிய மட்டும் வெளிய போகச் சொல்லாதீங்க. அவர் கோவிச்சா அடுத்த மாசம் ஒரு நோயாளியும் வராது. விளங்குதா?”

விளங்காமல் என்ன? ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவளுக்கு, ஆட்களை மேய்க்கும் கங்காணியைப் பற்றிப் பாடமா எடுக்க வேண்டும்!

ஹாலிஎலைக்கு மேலே, அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரி அறையில் ராக்கம்மா வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை செத்துப் பிறந்ததிலிருந்து அவள் பேசவில்லை. இன்றைக்கும் பேசாவிட்டால் கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவதென்று முடிவு. பேச விட்டால்தானே! தூக்கம் வருகிறதா என்று அவளைக் கேட்டால், “எங்கங்க தூங்குது!” என்றார் கங்காணி வீரய்யா. பசிக்கிறதா என்றால், “ரெண்டாள் சோறு திங்குதுங்க” என்றார்.

“நோயாளி நீங்களா, அவங்களா?” என்றாள் மாரியாயி.

வீரய்யா நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்தார். “இராசையா மகதானே நீ? ரெண்டெழுத்துப் படிச்சதும் கங்காணிக்கே வேலை சொல்றியாக்கும்?”

“ஆமாங்க, அவரு மகதான். நீங்க போறீங்களா, நாங்க போகட்டுமா?”

“நான் அசைய மாட்டேன்.”

“அப்ப இருங்க.” மூலையில் கிடந்த தகர வாளியை எடுத்தாள். “ராக்கம்மாக்கா, வாங்க, பீலிக்குப் போவோம்.”

வீரய்யாவின் முகம் கறுத்தது. மலை ஊற்று குழாய் வழியே கொட்டும், பொம்பளைகள் குளித்துத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையை எந்த ஆம்பிளையும் எட்டிப் பார்க்க முடியாது. கங்காணியே ஆனாலும் விளக்குமாற்றடிதான்.

“மிஸ், அறைக்கு வெளிய பாத்த கேஸ பயிற்சில சேக்க ஏலாது,” என்றார் டாக்டர். “நான் கையெழுத்து வைக்க மாட்டேன். உங்களுக்கு ஒரு வருஷம் வீணாப் போயிடும்.”

“வைக்காதீங்க டாக்டர். இன்னொரு வருஷம் படிச்சிட்டுப் போறேன். இந்த ரூமுல அக்கா வாயத் தொறந்தா கங்காணி பல்லுதான் தெரியும்.”

“அது ஓட்ட வாளி.”

கரகரத்த குரல். டாக்டர் ராக்கம்மாவைப் பார்த்தார். பதில் சொல்ல வாயெடுத்த வீரய்யா, யாரும் எதுவும் கேட்கவில்லை என்று கண்டு மூடிக்கொண்டார்.

“நல்லதுக்கா. மெதுவா நெறையட்டும்,” என்று மாரியாயி, ராக்கம்மா எழுந்து பின்னால் வர, வாளியோடு படியிறங்கி நடந்தாள்.