ஒரே சூடு

ஷாலினி, சுபஸ்ரீயின் முடி நேராக்குகிற கருவியைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக அதை முகர்ந்து பார்த்தாள். இரண்டு தகடுகளையும் விரித்து, நடுவில் மூக்கைக் கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு தரம் இழுத்தாள். இதுவரை அதைப் பார்த்தவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறார்கள், ஷாக் அடிக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். யாரும் முகர்ந்து பார்த்ததில்லை. முடி கருகினால் அந்த வாடை தகட்டை விட்டு லேசில் போகாது என்பது தொழில் செய்கிறவளுக்குத்தான் தெரியும். கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போக வந்தவளுக்கு அது எப்படித் தெரிந்தது?

வந்தவளுக்கு இருபத்தாறு வயதிருக்கும். முடியைக் காதோடு வெட்டியிருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் டிசைனர் என்றாள். பிரயாணத்தில் பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி, கரண்டு இல்லாமல் பேட்டரியில் ஓடுகிற ஸ்ட்ரெய்ட்னர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்களாம். யாரோ போட்ட வீடியோவில், படகில் உட்கார்ந்தபடியே சுபஸ்ரீ ஒரு மணப்பெண்ணுக்கு முடியை நேராக்குவதைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டு சுபஸ்ரீயின் ஊரான தோணிரேவுக்கு வந்துவிட்டாள். தன் ஊரும் பக்கத்தில் ஆரம்பாக்கம்தான் என்று இரண்டு தரம் சொன்னாள். எந்தப் பக்கம் என்று சுபஸ்ரீ கேட்டதற்கு ஸ்டேஷன் பக்கம் என்றாள். ரயிலில் அந்த ஊரைக் கடந்து போனவர்கள்கூட அவ்வளவு சொல்லிவிடுவார்கள். அவள் பேச்சில் இந்தப் பக்கத்து வாடை துளியும் இல்லை.

சுபஸ்ரீ பதினோரு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். பழவேற்காடு ஏரியைச் சுற்றியிருக்கிற குப்பங்களில் கல்யாணம் என்றால் அவளுக்குத்தான் போன் வரும். அந்தப் பக்கத்துக் குப்பங்களுக்குப் படகில்தான் போக வேண்டும். அங்கே கரண்டு வரும், போகும். வந்தாலும் மைக் செட்டும் விளக்கும் போட்டதுபோக ஸ்ட்ரெய்ட்னர் சூடாவதற்கு மிச்சம் இருக்காது. ஒரு கல்யாணத்தில் பாதித் தலை நேராகவும் பாதித் தலை சுருட்டையாகவும் பெண்ணை மணையில் உட்கார வைக்க வேண்டியதாகிவிட்டது. அந்தப் பெண்ணின் கல்யாணப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சுபஸ்ரீக்கு இன்னமும் காது சுடும். அதற்கு அடுத்த வாரம்தான், படகு விளக்குகளுக்கு பேட்டரி கட்டிக்கொடுக்கிற பழவேற்காடு தாமோதரன் கடைக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரு வருடம் ஆயிற்று. முதலில் செய்தது உப்பிப்போனது. அடுத்ததில் ஒயர் உருகியது. கடைசியில் டிரில் மெஷின் பேட்டரி ஒன்றைப் பிடித்து, வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்றுகிற மாதிரி அமைத்தார்கள். படகில் தண்ணீர் தெறித்தால் பேட்டரியை மட்டும் கழற்றிக் கவரில் போட்டுக் கட்டிவிடலாம் என்பதற்காக அவள் சொன்ன யோசனை அது.

அந்த இடத்தில்தான் ஷாலினியின் விரல் நின்றது.

"பேட்டரி தனியா கழலுதா அக்கா? எட்டு மாசமா நாங்க இதுலதான் மாட்டிக்கிட்டு இருக்கோம். உள்ளயே வெச்சு மூடிட்டா ஃப்ளைட்ல ஏத்த விடறதில்ல."

சொல்லிவிட்டுப் படம் எடுத்தாள். மாட்டி ஒரு படம், கழற்றி ஒரு படம். நோட்டில் வேகமாக வரைந்தாள். கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள்; ஆனால் அவள் கேட்ட வேகத்தில் சுபஸ்ரீக்கு மாட்டேன் என்று சொல்ல நேரம் கிடைக்கவில்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகின் பக்கத்தில் நகப்பூச்சால் வைத்திருந்த மூன்று புள்ளிகளைக் காட்டி, இதில் எதில் வைப்பீர்கள் என்று ஷாலினி கேட்டபோது, சுபஸ்ரீ யோசிக்கவே இல்லை. மூன்றாவது புள்ளியைத் தொட்டாள்.

"இதான். எங்க முடிக்கு ஃபுல்லா வெச்சாத்தான் நிக்கும்."

பொய். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் கரிக்கும். அதில் குளித்துக் காய்ந்த முடியில் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். அதன்மேல் மூன்றாவது புள்ளிச் சூட்டை வைத்தால் முடி பொரிந்துவிடும். தன் தலையில் பொசுக்கிக்கொண்டு, நாத்தனார் தலையில் ஒரு விரற்கடை பொசுக்கித் திட்டு வாங்கி அவள் கற்றுக்கொண்டது அது. கேன் தண்ணீரால் கொத்துக் கொத்தாக அலசி, துண்டால் ஒற்றி, முதல் புள்ளியில் வைத்து, மெதுவாக இரண்டு இழுப்பு. அவ்வளவுதான் வித்தை. அதைப் பற்றி மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

ஏரியில் நண்டு வலை போடுகிற அவள் கணவன் ராஜவேலு இதைக் கேட்டுவிட்டு, நல்ல வேலை செய்தாய் என்றான். சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் மூன்று பேர் வந்து, நண்டு எங்கே முட்டை விடும், எந்த மாதம், எவ்வளவு ஆழம் என்று அன்பாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அவனும் படகில் ஏற்றிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினான். அடுத்த வருடம் அதே இடத்தில் வலை போடக்கூடாது என்று பலகை நட்டுவிட்டார்கள். "எழுதிக்கினு போனவன் எவன் திரும்பி வந்து நமக்குச் சொல்லிக்கிறான்?" என்றான். அந்தக் கேள்வி சுபஸ்ரீயின் மனதில் முள்ளாக நின்றது.

நான்கு நாள் கழித்து பேட்டரியைச் சரிபார்க்கத் தாமோதரன் கடைக்குப் போனபோது, ஷாலினி தோணிரேவுக்கு வந்த அன்றைக்கே அங்கேயும் போயிருந்தது தெரிந்தது. அவள் கேட்டாளாம், அவர் ஒயர் போகிற வழியைப் பழைய பேப்பரில் வரைந்தே கொடுத்துவிட்டாராம். நீதான் அனுப்பினாய் என்று நினைத்தேன் என்றார். சுபஸ்ரீ வெளியே வந்தாள். பஸ் வரும்வரை மார்க்கெட்டில் நின்றாள். கழற்றுகிற பேட்டரி போய்விட்டது. ஒயர் போய்விட்டது. இனி அவள் கையில் மிச்சமிருப்பது அந்த ஒரு பொய்தான். அதைச் சொன்னதற்காக முதலில் கொஞ்சம் உறுத்தியது. அன்றோடு அதுவும் நின்றது.

மூன்று மாதம் கழித்து ஷாலினி திரும்பி வந்தாள். வருவாள் என்று சுபஸ்ரீ எதிர்பார்க்கவில்லை. வந்ததனாலேயே சந்தேகம் கூடியது. ஷாலினி பையிலிருந்து மூக்குக்கண்ணாடிப் பெட்டி அளவில் ஒன்றை எடுத்தாள். செங்கல் நிறம், மழமழவென்று, ஓரத்தில் ஒரே ஒரு பொத்தான். அடிப்பாகத்தைத் திருகினால் பேட்டரி தனியாகக் கையில் வந்தது. சுபஸ்ரீ அதை வாங்கித் திறந்து மூடிப் பார்த்தாள். எத்தனை அழகாக இருந்ததோ அத்தனை கோபம் வந்தது. புள்ளிகள் எங்கே என்று கேட்டாள்.

"ஒரே சூடுதான் அக்கா. நீங்க சொன்னதை வெச்சுதான் முடிவு பண்ணோம். ஆபீஸ்ல வாங்கி வெச்சிருந்த முடியில நல்லா வந்துச்சு. இங்க ஒரு நிஜக் கல்யாணத்துல பாத்துட்டா போதும்."

கூடவே ஒரு தாளையும் நீட்டினாள். இரண்டு பக்கம் ஆங்கிலம். அதில் சுபஸ்ரீயின் பெயர் மட்டும் அவளுக்குப் புரிந்தது. கருவியை உருவாக்க உதவியவர் என்று பெயர் போடுவதற்காக என்றாள் ஷாலினி. கையெழுத்துப் போட ஒரு கோடு இருந்தது. படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சுபஸ்ரீ மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பெயர் போடுவதற்கு எதற்கு இரண்டு பக்கம்?

கல்யாணம் இருந்தது. அந்த வியாழக்கிழமை, ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்தில், பவித்ரா என்கிற பெண்ணுக்கு. சுபஸ்ரீ ஷாலினியைக் கூடவே வரச் சொன்னாள். என்ன செய்ய வேண்டும் என்று முந்தின நாளே முடிவு செய்துவிட்டாள். பின்பக்கம், அடியில், பூ வைத்தால் மறைகிற இடத்தில் ஒரே ஒரு கொத்து. அது கருகட்டும். ஷாலினியின் அந்த மூக்கு முகர்ந்து பார்க்கட்டும். ஊரே பார்க்க அவமானப்பட்டு, இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் போகட்டும். பெண்ணுக்குப் பெரிய சேதம் வராது. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் அவள் படகில் ஏறினாள். வழி முழுக்க ஷாலினி பேசிக்கொண்டே வந்தாள். சுபஸ்ரீ உம் கொட்டிக்கொண்டு வந்தாள்.

பவித்ரா உள் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விடிகாலையிலேயே தலைக்கு ஊற்றி ஆற்றிய முடி நாற்காலியைத் தாண்டித் தொங்கியது. சுபஸ்ரீ அதை அள்ளி எடுத்தபோது இரண்டு கையும் நிறைந்தது. முடியை விரலால் நெரித்துப் பார்த்தாள். நரநரவென்றிருந்தது, அவள் எதிர்பார்த்தபடியே. கரண்டு இல்லை, வெளியே ஜெனரேட்டரை யாரோ இழுத்து இழுத்து ஓயாமல் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க நைனா எனக்கு நுனி கூட வெட்ட வுட்டதில்லக்கா," என்றாள் பவித்ரா. பெருமையாகச் சொல்லவில்லை. பயத்தில் ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகச் சொன்னாள்.

சுபஸ்ரீ பின்கழுத்துப் பக்கம் அடிக்கொத்து ஒன்றைப் பிரித்தெடுத்தாள். செங்கல் நிறக் கருவியின் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு சீக்கிரமாகவே வந்துவிட்டது. ஷாலினி பக்கத்தில் முழங்காலிட்டு, நோட்டைப் பிரித்து, பேனாவோடு காத்திருந்தாள். அவள் முகத்தில் பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவளின் களை இருந்தது. இடது கையில் முடி, வலது கையில் சூடு. கொத்துக்கு அரை சாண் தூரத்தில் தகடுகளின் அனல் பட்டு இரண்டு மயிரிழைகள் அசைந்தன. சுபஸ்ரீயின் கை அங்கேயே நின்றது. பவித்ராவின் கழுத்தில் நலங்கு மஞ்சள் கோடாகக் காய்ந்திருந்தது. அந்தக் கழுத்துக்கும் இந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குத் தோன்றியது.

கொத்தை விட்டுவிட்டாள். தன் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கொத்து முடியை இழுத்துக் கருவிக்குள் வைத்து அழுத்தினாள்.

சத்தம்தான் முதலில் வந்தது. எண்ணெயில் நீர் பட்ட மாதிரி. பிறகு வாடை. பவித்ரா திடுக்கிட்டுத் திரும்பினாள். சுபஸ்ரீ கருவியை விலக்கியபோது நான்கு விரல் நீளத்துக்கு முடி, காய்ந்த இறால் மீசையைப் போல, ஒடிந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

ஷாலினி எழுந்து கருவியை வாங்கி, பேட்டரியைத் திருகிக் கழற்றினாள். ஒடிந்த முடியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு சுபஸ்ரீயை நிமிர்ந்து பார்த்தாள். முன்பே தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. தெரியும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அப்டி சொன்னீங்க?"

அந்த 'இன்னாத்துக்கு' சுபஸ்ரீயின் காதில் விழுந்தது. இதுவரை அவள் வாயில் வராத, இந்தப் பக்கத்து வார்த்தை.

"உன்ன நம்பல."

"இப்போ?"

"இப்பவும்தான்," என்றாள் சுபஸ்ரீ. பிறகு தன் பையிலிருந்து கேன் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "இத்தப் புடி. கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. சீக்கிரம், முகூர்த்தத்துக்கு நேரமாவுது."

ஷாலினி ஊற்றினாள்; பவித்ராவின் கழுத்து மஞ்சள் கரைந்து அவள் விரல்களில் ஒட்டியது. சுபஸ்ரீ அலசி, ஒற்றி, தன் பழைய கருவியை முதல் புள்ளியில் வைத்து இழுத்தாள். உப்பைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, இரண்டு இழுப்பைப் பற்றி, பவித்ராவிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் உரக்கச் சொன்னாள். ஷாலினி நோட்டைத் தொடவில்லை. நடுவில் ஒரு தரம், காலேஜில் படிக்கும்போது தன் முடியையும் இப்படித்தான் பொசுக்கிக்கொண்டதாகவும், அதனால்தான் வெட்டிக்கொண்டதாகவும், ஆரம்பாக்கத்துத் தண்ணீர்மேல் தனக்கு ஒருநாளும் சந்தேகம் வரவில்லை என்றும் தாழ்ந்த குரலில் சொன்னாள். அந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று சுபஸ்ரீக்கு இப்போது விளங்கியது. விளங்கியதற்கு அடுத்த மூச்சிலேயே, இதுவும் நல்ல கதைதான் என்று தோன்றியது. சேர்ந்து வேலை செய்ததில் ஒரு மணி நேரத்துக்குள் அந்த நீள முடி முழுவதும் பட்டுத்துணியைப் போல இறங்கிவிட்டது. பவித்ராவின் அப்பா வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. படகில் ஷாலினி முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். நடு ஏரியில் சிக்னல் கிடைத்ததும் அவள் போன் அடித்தது. காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஆங்கிலத்தில் நிறையப் பேசினாள். சுபஸ்ரீ காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'சால்ட்' என்று ஒரு தரம், 'வாட்டர்' என்று ஒரு தரம் கேட்டது. பிறகு, 'சுபஸ்ரீ'. கொஞ்சம் விட்டு, அழுத்தமாக, இன்னொரு தரம் 'சுபஸ்ரீ'. இவள் இல்லாமல் நடந்திருக்காது என்று சொல்கிறாளா, இவளால்தான் எல்லாம் கெட்டது என்று சொல்கிறாளா? குரலை வைத்து அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிர்முனையில் இருக்கிறவர் சிரிப்பது மட்டும் லேசாகக் கேட்டது. ஜாக்கெட்டுக்குள் அந்தத் தாள் வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. தண்ணீர் வற்றியிருந்தது. இதற்குமேல் போகாது, இறங்கி நடங்கள் என்றார் படகுக்காரர். ஷாலினி பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, அலட்டிக்கொள்ளாமல் முதலில் இறங்கினாள். பையைத் தலைமேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். சுபஸ்ரீயும் இறங்கினாள். கால் கெண்டைவரை சேற்றுக்குள் போனது. அவள் தலையிலும் பை. வலது கை அதைப் பிடித்திருந்தது, இடது கை தூக்கிச் செருகிய புடவையைப் பிடித்திருந்தது.

நான்கு எட்டு முன்னால் போன ஷாலினி நின்று, திரும்பி, சும்மா இருந்த கையை நீட்டினாள். அதைப் பிடிக்க வேண்டுமானால் சுபஸ்ரீ புடவையை விட வேண்டும், அல்லது பையை. தண்ணீர் அவள் முழங்காலைச் சுற்றி மெல்ல அலம்பிக்கொண்டிருந்தது. சின்ன மீன்கள் வந்து காலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. நீட்டிய கை அங்கேயே இருந்தது, விரல்களில் நலங்கு மஞ்சளோடு.