தையல்கார அக்காவின் பிரஷர்

அந்தச் சந்தில் வெள்ளைக் கோட்டு ஒன்று திரும்பினால் போதும், சேதி ஆளுக்கு முன்னால் ஓடிவிடும். கோட்டுக்குள் இருப்பவள் நெட்டை என்றால் இன்னும் சீக்கிரமாக ஓடும். குழாயடியில் நிற்பவர்களுக்கு முதலில் அவள் தலைதான் தெரியும். கோட்டு பிறகுதான் வரும்.

நெட்டை என்பது நர்சிங் கல்லூரியில் வைத்த பேர். பெரிய ஆஸ்பத்திரியிலேயே படித்த பிள்ளைகள் ஆரம்ப சுகாதார நிலையத்து வேலையையும் பழகட்டும் என்று, மூன்றாம் வருஷத்தில் சிலரைப் பொறுக்கிக் கல்லூரி வெளிநாட்டுக்கு அனுப்பியது. அவளுக்கு விசா வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பேருக்கு மட்டும் விசா தேவைப்படவில்லை. அவளுக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டது. இரண்டு நாட்டுக்கும் பேச்சு ஒன்றுதான், இழுவைதான் கொஞ்சம் வேறு. அதனால் சுகாதார நிலையத்து டாக்டரம்மா முதல் குழாயடிப் பெண்கள் வரை எல்லாருக்கும் அவள் நெட்டைதான்.

ஆஸ்பத்திரியில் நோயாளி படுத்துக் கிடப்பார், நர்ஸ் நின்றுகொண்டு அதிகாரம் பண்ணுவாள். இங்கே தலைகீழ். வீடு அவர்களுடையது, நாற்காலி அவர்களுடையது, வாசலில் உறுமுகிற நாயும் அவர்களுடையது. ஆளுக்குச் சில வீடுகள் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நெட்டைக்கு வந்த வீடுகளில் ஒன்று தையல்கார அக்காவுடையது.

அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். புருஷன் போய்விட்டார், மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். முன் அறையில் மிதி மிஷின், சுவரோரம் துணி மூட்டை, பிஸ்கட் டின்களில் நூல்கண்டு. அளவு நாடா தூங்கும்போதுகூட அவள் கழுத்தை விட்டு இறங்காது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். கண் இரண்டிலும் புரை விழுந்திருந்தது. கையால் தடவித் தடவித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"தையல்காரி ஊசிக்காதைத் தேட ஆரம்பிச்சா, வாடிக்கை வேற கடையைத் தேட ஆரம்பிச்சுடும்" என்று முதல் நாளே நெட்டையிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கண் ஆஸ்பத்திரி வண்டி வருஷத்துக்கு ஒரு முறை வரும். பள்ளிக்கூட ஹாலில் முகாம் போட்டுப் பார்த்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், ஆபரேஷன் பண்ணிக் கொண்டுவந்து விடும். பிரஷர் ஏறியிருந்தால் கத்தி வைக்க மாட்டார்கள். போன வருஷம் அக்காவை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். இந்த வருஷமும் அனுப்பினால் மிஷினை விற்றுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவதாக அவள் முடிவு பண்ணியிருந்தாள். ஆகவே முகாம் வருவதற்குள் அக்காவின் பிரஷரை இறக்க வேண்டும். நெட்டையின் கையில் கொடுத்த வேலை அதுதான்.

அது இறங்குவதாக இல்லை. நெட்டை ஒவ்வொரு தடவை போய் அக்காவின் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தபோதும் பிரஷர் மிஷினில் முள் உச்சாணிக்கொம்பில் உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். கூட்டியதும் அக்காவுக்குக் காலையில் எழுந்து நின்றால் தலை சுற்றியது. பிரஷர் மட்டும் அசையவில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லி, தூக்கத்தை விசாரித்து, மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நெட்டைக்கு அலுத்துவிட்டது.

கூட வந்த மாணவியும் அறைத்தோழியுமான குண்டூசி ஒல்லியானவள், நாக்கும் அதே மாதிரி. அவளிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, கொஞ்சம் குறைத்து எழுதிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்றாள்.

"எழுதுறதுல குறைச்சுடலாம். கண்ணுல கத்தி வைக்கிறப்ப அது எங்க போய் ஒளிஞ்சுக்கும்?" என்றாள் நெட்டை.

குண்டூசி அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்னு சொல்வாங்க. நீ ரெண்டையும் ஒரே வீட்டுல மாசக்கணக்கா ஓட்டுறியே."

அது சுருக்கென்று தைத்தது. விடுதியில் நெட்டைக்கு வாய்த்தது ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர். ரொட்டியை நின்றபடி தின்றுவிட்டு வேலைக்குப் போவாள். அம்மாவோடு போனில் பேசினால் முகம் பாதியில் உறைந்து நின்றுவிடும். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற ஒரே ஆள் தையல்கார அக்காதான். அதனால் அந்த வீட்டைக் கடைசியில் வைத்துக்கொள்வாள், பிள்ளைகள் தட்டில் முட்டையைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பது மாதிரி.

குழாயடியிலிருந்து சேதி வந்ததும் அக்கா மிஷினை விட்டு எழுந்துவிடுவாள். தரையில் கிடக்கும் துண்டுத் துணியைக் கூட்டித் தள்ளுவாள். நாற்காலி மேல் கிடக்கும் மூட்டையைத் தூக்கி உள்ளே போடுவாள். ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து பூப்போட்ட கோப்பையையும் அதன் தட்டையும் எடுப்பாள். முக்குக் கடைக்குப் பாலுக்கு ஓடுவாள். நெட்டை செருப்பைக் கழற்றும்போது டீ கொதித்துக்கொண்டிருக்கும். பட்டியைச் சுற்றும்போது, "முதல்ல குடி, ஆறிடப்போகுது" என்று கட்டில் நுனியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். அளப்பதற்கு முன் நோயாளி கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார வேண்டும் என்பது நெட்டைக்குப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். கட்டில் நுனியில் உட்கார்ந்திருப்பதும் உட்கார்ந்திருப்பதுதானே என்று நினைத்துக்கொண்டாள். அந்த டீ அவளுக்கு அவ்வளவு ருசித்தது.

முகாமுக்கு ஒரு வாரம் இருக்கையில் நல்ல மழை. அன்று வேறு ஏதோ வீட்டின் இரும்பு கேட் கம்பி மாட்டி நெட்டையின் கோட்டுப் பை டர்ரென்று கிழிந்தது. கிழிந்த கோட்டோடு டாக்டரம்மா முன்னால் நிற்க முடியாது. அதைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, யாரோ கொடுத்த மழைச் சட்டையைத் தலை வரை போட்டுக் குனிந்தபடி தையல்கார அக்கா வீட்டுக்கு ஓடினாள். அன்று அந்த வீட்டுக்கு அவள் முறை இல்லை. மழைக்குக் குழாயடியிலும் ஆள் இல்லை. சேதி ஓடவில்லை.

அக்கா மிஷினில் இருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"துணியா? அந்த மூட்டை மேல வை. அவசரம்னா வேற இடம் பாத்துக்க. உக்காரு, இந்த ஓரத்தை முடிச்சுட்டு வாங்குறேன்."

நெட்டைக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த வீட்டில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. விருந்தாளி நாற்காலியில் மூட்டை இருந்ததால் தரையில் உட்கார்ந்தாள். பேர் சொல்லலாம் என்று வாயைத் திறந்தவள், அக்காவைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. தோள் தளர்ந்திருந்தது. கால் பாட்டுக்கு மிதித்தது, மூச்சு பாட்டுக்கு வந்து போனது. வாரா வாரம் கட்டில் நுனியில் பார்த்த மனுஷியா இது?

நெட்டையின் பார்வை பரணுக்குப் போனது. பூப்போட்ட கோப்பை மேலே இருந்தது. ஸ்டூல் மூலையில் இருந்தது. கூட்டித் தள்ளாத துண்டுத் துணி அவள் காலடியில் கிடந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு மெல்ல விளங்கியது. இத்தனை நாள் ஓடி ஏறி இறங்கி வந்து உட்கார்ந்த ஆளைத்தான் அளந்திருக்கிறாள். ஓட வைத்தது யார்? அந்த டீக்கு வாரம் பூராவும் காத்துக்கொண்டிருந்தது யார்?

"அக்கா, நான்தான், நெட்டை" என்றாள்.

அக்கா பதறிப்போய் மிஷினைப் பிடித்து எழப்போனாள். நெட்டை அவள் தோளில் கை வைத்தாள்.

"இன்னிக்கு நான் வாடிக்கைக்காரி. நீங்க எந்திரிச்சா என் கோட்டை அடுத்த தெருக் கடையில குடுத்துடுவேன்."

"அவன்கிட்டயா? அவன் பை தைச்சா போட்டது கீழ விழும்" என்றாள் அக்கா. ஆனால் எழவில்லை.

ஓரத்தை முடிக்கிறவரை நெட்டை காத்திருந்தாள். பிறகு பையிலிருந்து பிரஷர் மிஷினை எடுத்துப் பட்டியைச் சுற்றினாள். பேச வேண்டாம் என்று வாயில் விரல் வைத்துக் காட்டினாள். காற்றை இறக்க இறக்க முள் இறங்கியது. வழக்கமாக ஸ்டெத்தில் சத்தம் கேட்கிற இடத்தைத் தாண்டி, சத்தமே இல்லாமல் இறங்கியது. நம்பாமல் அடுத்த கையிலும் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்.

விஷயத்தைச் சொன்னபோது அக்கா சந்தோஷப்படுவாள் என்றுதான் நெட்டை நினைத்தாள். அக்காவின் முகம் சுருங்கியது.

"வீட்டுக்கு வந்த பொண்ணுக்கு ஒரு டீ குடுக்குறது வியாதியா?"

"டீ இல்லக்கா. அதுக்காக ஓடுறீங்களே, அந்த ஓட்டம்."

அளந்து முடித்தபிறகு டீ போடலாமே என்று நெட்டை சொல்லிப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தாலும் மனசு அடுப்பில்தான் இருக்கும் என்றாள் அக்கா. துணியை மடியில் இழுத்து ஓரத்தைத் தடவினாள். "அப்ப இனிமே வரமாட்டியா?" என்று கேட்டபோது குரல் வேறாக இருந்தது.

நெட்டை எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். "தூள் எங்க இருக்கு?"

அக்கா அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினாள். "மேல் தட்டுல, சிவப்பு மூடி. சர்க்கரையை அள்ளிக் கொட்டாத." பூப்போட்ட கோப்பைக்கு ஸ்டூல் போட வேண்டும், அதனால் கைப்பிடி உடைந்ததிலேயே நெட்டை ஊற்றிக்கொண்டாள். டீ சுமாராகத்தான் இருந்தது. கழுவுகிற தண்ணீர் மாதிரி இருப்பதாக அக்கா சொன்னாள். ஊரை விட்டு வந்தபிறகு நெட்டையை யாரும் திட்டவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டரம்மா எடுத்தவுடன் நம்பிவிடவில்லை. ஒரு நாள் இறங்கியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தினமும் பார்த்துச் சொல் என்றார். தலைசுற்றலைக் கேட்டுவிட்டு மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைத்தார். பிறகு தானாகவே சிரித்தார். ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போனபோது தனக்கும் அந்தப் பூப்போட்ட கோப்பைதானாம்.

மறுநாளிலிருந்து நெட்டை கோட்டுப் போடாமல் போனாள். அந்த வாரம் அவளுக்கு முறை வீடுகள் அதிகம், தினம் போக முடியாது. அதனால் குண்டூசியும் போனாள். வெறுங்கையோடு போனால் விருந்தாளி ஆகிவிடுவோம் என்று பயந்து, நல்ல பேன்ட்டின் ஜிப்பைத் தானே பிய்த்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் தலையணை உறை. அக்கா தடவிப் பார்த்துவிட்டு, "உங்க விடுதியில எலி இருக்கா, இல்ல நீதான் எலியா?" என்று கேட்டாளாம். முள் தினமும் இறங்கியே நின்றது.

ஆனால் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊரார் அளந்ததை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முகாமில் அவர்களே அளப்பார்கள்.

முகாம் அன்று பள்ளிக்கூட ஹாலில் கால் வைக்க இடமில்லை. மைக்கில் யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். வரிசையை ஒருவன் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தான். அக்கா நல்ல உடுப்புப் போட்டு வந்திருந்தாள். நின்று நின்று, தள்ளு வாங்கி, முறை வந்ததும் உட்கார்ந்த சூட்டோடு பட்டியைச் சுற்றினார்கள். அளந்த ஆள் உதட்டைப் பிதுக்கி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் காட்டினான். அக்கா உடனே எழுந்துவிட்டாள். போன வருஷமும் இப்படித்தான் எழுந்திருப்பாள் போல.

நெட்டை குறுக்கே போய் நின்றாள். அவ்வளவு உயரம் குறுக்கே நின்றால் வரிசை நகராது. இவர் ஓய்வாக உட்காரவில்லை, வண்டி கிளம்புவதற்குள் இன்னொரு முறை பாருங்கள், அதிலும் ஏறியிருந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். டாக்டரம்மாவும் வந்து சொன்னார். அந்த ஆள் மணியைப் பார்த்துவிட்டுச் சரியென்றான்.

வராந்தாக் கோடியில் ஒரு நாற்காலியில் அக்காவை உட்கார வைத்தாள். அக்காவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "விட்டுரும்மா. எனக்கு இவ்வளவுதான்" என்றாள்.

அமைதியாக இருங்கள் என்று சொன்னால் யார்தான் அமைதியாக இருப்பார்கள்? நெட்டை, அக்கா பை தைத்துக் கொடுத்திருந்த தன் கோட்டைக் கழற்றினாள். நடுப் பொத்தானைப் பிடித்துத் திருகி ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"அக்கா, பொத்தான் பிஞ்சுபோச்சு. தைச்சுக் குடுங்க."

"இப்பவா?"

"அவசரம்னா வேற இடம் பாக்கணுமா?"

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள். தெரிந்திருக்காது, ஆனாலும் பார்த்தாள். பிறகு உடுப்பின் தோள் மடிப்பில் குத்தியிருந்த ஊசியையும் அதில் சுற்றியிருந்த நூலையும் எடுத்து நீட்டினாள். நெட்டை கோத்துக் கொடுத்தாள். விரல் துணியைத் தொட்டதும் நடுக்கம் எங்கோ போனது. பொத்தானின் ஓட்டையை நகத்தால் தேடி ஊசியை விட்டாள். இதை ஒரு பொத்தானென்று வைத்துத் தைத்தவனைச் சொல்ல வேண்டும், நூலா இது, சிலந்தி வலை, என்று கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள். அப்புறம் அதுவும் நின்றது. முதுகு மெல்ல நாற்காலியில் சாய்ந்தது. நெட்டை பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அளக்கிற ஆள் வந்தபோது ஊசி பாதியில் இருந்தது. அக்கா கோட்டை மடியில் வைத்துவிட்டு, வாடிக்கைக்காரர் யாரோ அளவெடுக்கக் கை கொடுப்பது மாதிரி கையை நீட்டினாள். அவன் காற்றடித்தான், இறக்கினான், காதிலிருந்து ஸ்டெத்தை எடுத்தான்.

"இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமில்ல. ஏறுங்க, நேரமாச்சு."

அக்காவுக்குச் சட்டென்று எழ வரவில்லை. நெட்டை கை கொடுத்துத் தூக்கி, வண்டிப் படி வரை கூட்டிக்கொண்டு போனாள். ஏறி உட்கார்ந்ததும் அக்கா ஜன்னல் வழியாகக் கோட்டை நீட்டினாள். பொத்தான் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, ஊசி அதிலேயே குத்தியிருந்தது.

"ஊசியை உருவிடாத. வந்து நானே முடிக்கிறேன். நானே கோத்துக்குவேன்."

வண்டி கிளம்பிப் போனபிறகு குண்டூசி வந்து, டாக்டரம்மா தேடுவதாகச் சொன்னாள். அப்படியே நெட்டையை மேலும் கீழும் பார்த்து, கோட்டை ஒழுங்காகப் போடச் சொன்னாள்.

"பொத்தான் இல்ல" என்றாள் நெட்டை. ஊசி குத்தாமல் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.