நாற்பத்திரண்டு மீட்டர்

1

2024 மார்ச் 14, வியாழன், காலை 8.52. ஒரு குளிர்பதனக் கிடங்கின் முற்றத்தில், சரக்கு ஏற்றிய லாரி ஒன்று நாற்பத்திரண்டு மீட்டர் நகர்ந்து நின்றது. அதிகபட்ச வேகம் மணிக்குப் பதினொரு கிலோமீட்டர்.

இந்தக் கதை அந்த வரியிலிருந்து பிறந்தது. ஓட்டுநர்களின் வேலை நேர விதிகளைப் பற்றிக் கட்டுரை எழுதப் போயிருந்தேன். ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். ஒருவர் மட்டும் எதுவும் சொல்லாமல், ஓட்டத்தையும் ஓய்வையும் தானாகவே குறித்துக்கொள்ள லாரியில் பொருத்திய பதிவுப் பெட்டி அச்சடித்த தாளை என் கையில் திணித்துவிட்டு டயரைத் தட்டிப் பார்க்கப் போனார். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அந்தக் காலத்தில் சாலைகள் சுதந்திரமாக..." வேண்டாம். சாலை எந்தக் காலத்தில் சுதந்திரமாக இருந்தது?

மறுபடி. தாள் தந்தவரைக் கூட்டாளிகள் ஸ்கேல் என்று கூப்பிடுவார்கள். பெட்டி வருவதற்கு முன் ஓட்டுநர்கள் தங்கள் நாளைக் காகிதப் பதிவேட்டில் கோடாகப் போட்டுக் காட்டினார்கள். ஓட்டம், வேலை, ஓய்வு, உறக்கம் என்று நான்கு வரிசை; மணிக்கு ஒன்றாக இருபத்து நான்கு கட்டம். மற்றவர்களின் கோடு லாரியோடு சேர்ந்து குலுங்கியிருக்கும். இவர் எஃகு ஸ்கேல் வைத்துப் போடுவார்.

வீட்டுக்கு வந்தால் அது மனைவியின் வேலை. சமையலறை மேசையைத் துடைத்துவிட்டுப் பதிவேட்டை விரிப்பார்.

"நேத்து எவ்வளவு தூங்கினீங்க?"

"பத்து மணி நேரம்னு போடு."

"கேட்டது அதில்ல."

கேட்டது அதில்லை என்றாலும் பத்துக் கட்டத்துக்கு இழுப்பார். அடியில் கார்பன் தாள் நழுவாமல் மகள் பிடித்துக்கொள்வாள். மூன்று பேரும் சேர்ந்து அவரைக் காகிதத்தில் நிம்மதியாகத் தூங்க வைத்த மாலைகள் அவை.

[இந்தப் பத்தி எனக்கு அளவுக்கு மீறிப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகம் வருகிறது. அந்த அம்மாள் இறந்து ஆறு வருடமாகிறது. ஸ்கேல் காகிதத்தை நினைத்து ஏங்குகிறாரா, மேசையை நினைத்தா? கேட்டேன். டயரைத் தட்டினார்.]

3

இப்போது விதி. பத்து மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்தால்தான் மறுபடி ஓட்டலாம். இடையில் லாரி ஓடினால் ஓய்வு முறிந்தது. முதலிலிருந்து பத்து மணி நேரம். உருண்ட சக்கரத்தை உருளவில்லை என்று திருத்தக் கம்பெனி அலுவலகத்துக்கும் அனுமதியில்லை. அவர் மேல் ஏற்கனவே ஒரு மீறல் இருந்தது. இன்னொன்று வந்தால் உரிமம் ஒரு வருடத்துக்குப் போகும்.

முந்தின நாள் இரவு 11.30க்கு நிறுத்தினார். காலை 9.30க்குக் கிளம்பலாம். ஐந்து மணி நேர ஓட்டம். மூன்று மணிக்கு மகளின் திருமணப் பதிவு. பெற்றோர் என்று சாட்சிக் கையெழுத்துப் போட அவர் ஒருவர்தான் மிச்சம்.

(வாசகர் கேட்கலாம்: பஸ் ஏறிப் போனால் என்ன? பின்னால் இரண்டு டிகிரியில் வைக்க வேண்டிய மருந்துச் சரக்கு. அதை விட்டு அவர் இறங்க முடியாது. இந்தச் சரக்கை எடுத்துவிடலாமா என்று நானும் யோசித்தேன். தாளில் இருக்கிறது.)

4

பல் துலக்கிக்கொண்டிருந்தபோது லாரிக் கதவைத் தட்டியவர் ஒரு பெண் ஓட்டுநர், முப்பது வயதிருக்கும்.

"அண்ணே, கொஞ்சம் முன்ன எடுக்கறீங்களா? எனக்கு ஓட்ட இன்னும் பன்னெண்டு நிமிஷந்தான் இருக்கு. அதுக்குள்ள உள்ள விடலைன்னா ரோட்டுலயே நிக்கணும்."

எட்டு கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே ஊர்ந்தால் பெட்டிக்குத் தெரியாது. எல்லா ஓட்டுநருக்கும் தெரிந்த வித்தை இது. அவரும் அப்படித்தான் எடுத்தார். ஆனால் முற்றத்தின் வடிகால் மேட்டில் முன்சக்கரம் முனகி நின்றது. கால் பழக்கத்தில் கொஞ்சம் மிதித்தது. பதினொன்று.

விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் தேநீர் வாங்கி வந்து தந்தார். அவரும் பெட்டியைத் திட்டியிருப்பார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. ஆபீஸில் இன்னும் கொஞ்ச தூரம் போ என்று நெருக்கினால் பெட்டியைக் காட்டிவிடுவேன், உங்கள் காலத்தில் எதைக் காட்டினீர்கள் என்று ஸ்கேலையே கேட்டாராம். ஸ்கேலுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஒன்றும் காட்டவில்லை, சொன்ன தூரம் போனார்கள்.

5

மகளுக்கு ஃபோன் செய்து, ஓட்டி வந்துவிடுகிறேன், வருவது வரட்டும் என்றார்.

"வராதீங்கப்பா."

"ஒம்பது மணி நேரத்துக்கு மேல படுத்து எழுந்திருக்கேன்மா. தூங்காதவன ஓட்ட விட்டுச்சு காகிதம். தூங்கினவனக் கட்டிப் போடுது பெட்டி. இதுல எதும்மா நியாயம்?"

"அந்த லீவுல நாம லாரியோட வயலுக்குள்ள போனோமே, அன்னிக்கு நோட்டுல நீங்க தூங்கி எழுந்திருந்தீங்க. நான் பக்கத்து சீட்ல உங்களப் பாத்துக்கிட்டே இருந்தேன்பா."

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பட்டப்பகல், நேர்ச் சாலை. கண்ணாடித் துண்டு கிழித்த தழும்பு அவள் புருவத்தில் இன்னும் இருக்கிறது. அந்த நாளின் கோடு மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்ததாம்.

[இந்தத் தகவல் கிடைத்த பிறகு இரண்டாம் பகுதியை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். அழிக்கவில்லை. அந்த மாலைகளும் நடந்தவைதான்.]

6

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டுப் போய்ச் சேர்கிறார். அவரை எனக்குத் தெரியும், பிடுங்கமாட்டார். இன்னொன்றில் பதிவாளர் மனமிரங்கி மறுநாளுக்கு... அந்த அலுவலகத்தில் அடுத்த தேதி ஏழு வாரம் கழித்துத்தான். மூன்றாவதில் அந்தப் பெண் ஓட்டுநர் தானே இவர் லாரியை எடுத்து... அவருக்கும் பத்து மணி நேர ஓய்வு தொடங்கியிருந்தது.

விதி சரியா தவறா என்பதை வாசகரிடம் விடுகிறேன். அன்று பகல் முழுதும் லாரிக்குள் அவர் என்ன நினைத்தார் என்பதையும்தான். நான் கேட்கவில்லை. என்னிடம் இருப்பது இவ்வளவு.

பதிவு 3.20க்கு முடிந்தது. சாட்சி இடத்தில் மகளின் சித்தி கையெழுத்திட்டார். மாலை 6.53க்கு ஓய்வு நிறைவடைந்ததாகப் பெட்டி காட்டியது. 6.54க்கு லாரி கிளம்பியது.