விடுப்பில் போன வெயில்

அம்சத்தின் வலது காலில் மாவுக்கட்டு போட்ட மறுநாள், இராஜாங்கத்தின் அரிசி ஆலைக் களத்தில் வெயில் விழவில்லை. பங்குனி மாதம். தாராசுரம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் துள்ளித் துள்ளி உள்ளே ஓடினார்கள். ஆலைக்கு எதிரே டீக்கடையின் தகரக் கூரை சூட்டில் படபடத்தது. களம் மட்டும் ஐப்பசி அடைமழை நாள் மாதிரி இருண்டு கிடந்தது. மேலே ஒரு மேகம் கிடையாது. இராஜாங்கம் முதலில் வேப்பமரத்தின் மேல் சந்தேகப்பட்டு அதன் கிளைகளை வெட்டினார். மரம் மொட்டையானது, இருட்டு போகவில்லை. பால் ஊற்றப் போன பையன்தான் வந்து சொன்னான், வெயில் இரண்டு தெரு தள்ளி அம்சத்தின் வீட்டில் இருக்கிறதென்று. கூரை ஓட்டைப் பிரிக்காமலே உள்ளே இறங்கி, கட்டிலில் நீட்டியிருந்த கட்டுப்போட்ட காலின் மேல் அது கிடந்தது. சுடவில்லையாம், இதமாக இருந்ததாம்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அம்சத்துக்கு அந்தக் களத்தில்தான் வேலை. அவித்து ஆவி பறக்கக் கொட்டிய நெல்லைக் காலாலேயே கோடு கோடாகப் புரட்டிக் காயவைப்பாள். கட்டுப் போட்ட அன்றைக்கு, அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து அவள் பாதத்தின் மேல் விழுந்தன. கட்டுப் பிரிக்கும்வரை கால் தரையில் படக்கூடாது, பட்டால் ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான் என்று டாக்டர் இர்ஃபானா சொல்லிவிட்டார். அம்சத்துக்கு அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட வேலை பார்த்த பொன்னுத்தாய், கை முறிந்த மறு வாரமே முதலாளிக்குப் பயந்து வேலைக்கு வந்தவள். இன்றுவரை அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று வீட்டில் தங்குகிறவருக்கு ஆலையில் மறுபடி இடம் கிடையாது என்பது இராஜாங்கம் வைத்த சட்டம். அம்சம் பயந்தாள். நன்றாகவே பயந்தாள். ஆனாலும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

முதலில் போன் வந்தது. "எலும்பு தானா கூடிக்கும் அம்சம். நீ நெல்லு கிளற வேண்டாம், சும்மா வந்து நாற்காலியில உக்காரு," என்றார் இராஜாங்கம்.

"சும்மா உக்காரத்தான் முதலாளி, வீட்டுல இருக்கேன்," என்றாள் அம்சம்.

அடுத்து ஆலை மேஸ்திரி ரெத்தினம் ஆட்டோவோடு வந்து, நாளைக்கே வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தார். சொன்னபடி போடவும் செய்தார்கள். புதிதாக வந்தவள் நல்ல வேலைக்காரிதான், ஆனால் அவளை நம்பி வெயில் வரவில்லை. அவித்த நெல் புளித்து, வாடை டீக்கடை வரைக்கும் போனது. இராஜாங்கம் மூளைக்காரர். வெயில் அங்கேதானே இருக்கிறது என்று நெல்லை டிராக்டரில் ஏற்றி, அம்சத்தின் வீட்டு வாசலில் தெரு நீளத்துக்குப் பரப்பினார். ரோட்டில் நெல் காயவைப்பது நம் பக்கத்தில் புதிதில்லை. நெல் விழ விழ வெயில் தெருவை விட்டுப் பின்வாங்கியது. பிறகு வாசற்படியை விட்டது, கூரையை விட்டது, கடைசியில் மாவுக்கட்டின் அளவுக்குச் சுருங்கிக்கொண்டது. நாற்றம் தாங்காமல் தெருக்காரர்கள் திட்டிய திட்டில் இராஜாங்கமே தட்டுக்கூடையைத் தூக்கி நெல்லை வாரினார்.

வாரி முடித்து வாசலில் வந்து நின்றார். வேட்டியெல்லாம் ஈர நெல். வெயிலையாவது அனுப்பி வை என்று கேட்டபோது குரல் இறங்கியிருந்தது.

"நான் கூப்பிடலீங்க, அதுவா வந்துச்சு. காலு ஆறட்டும், ரெண்டு பேரும் வர்றோம். எங்க இடம் எங்களுக்கு இருக்கணும்."

"இருக்கும்," என்றார் அவர். ஊரே கேட்டது.

கட்டுப் பிரித்த மறுநாள் அம்சம் நடந்தே ஆலைக்குப் போனாள். இம்மிகூட நொண்டவில்லை. வெயில் கன்றுக்குட்டி மாதிரி அவள் பின்னாலேயே வந்தது. வழியில் நின்றவர்கள் அதற்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் களத்தில் கால் வைத்ததும் அது மூலை முடுக்கெல்லாம் பரவியது. பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம், மறைப்பானேன்.

அதிலிருந்து அந்த ஆலையில் உடம்பு முடியாமல் யார் வேலைக்கு வந்தாலும் களம் இருட்டிவிடும். ரெத்தினம் ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்த்து, சுடுகிறவரை வீட்டுக்கு அனுப்புவார், உடனே வெளுத்துவிடும். யாருடைய இடமும் போகவில்லை. வேப்பமரமும் தழைத்துவிட்டது. போன மாசியில் ஒரு நாள் எல்லா நெற்றியையும் தொட்டாகிவிட்டது, எதுவும் சுடவில்லை, களமோ கும்மிருட்டு. அம்சம் ஆபீஸ் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இராஜாங்கம் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, நடுக்கத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தனக்கு ஒன்றுமில்லை, இத்தனை வேலையைப் போட்டுவிட்டு எப்படிப் படுப்பது என்று ஏதோ முனகினார்.

"வீட்டுக்குப் போய்ப் படுங்க முதலாளி," என்றாள் அம்சம். "உங்க இடம் எங்கயும் போயிடாது."

அவர் எழுந்து போனார். நாற்காலியில் வெயில் வந்து உட்கார்ந்தது. அன்றைய நெல் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது.