பானெட்டுக்கு அந்தப் பக்கம் மாமியார்

மாமியார் வரப்போகும் நாளில் ஆட்டோமேட்டிக் காருக்கு கியர் ஆயில் மாற்றக் கூடாது. இதை எந்த வீடியோவிலும் சொல்வதில்லை. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் காருக்கு இருபத்தெட்டு வயது. எங்கள் ஊரான முக்கோனோவின் ஏற்றத்தில் கியர் மாறும்போதெல்லாம் காய்ச்சல்காரன் மாதிரி உதறும். "திங்கக்கிழமை மெக்கானிக்கிட்ட விடலாம். நீங்க கைய வைக்காதீங்க" என்று என் மனைவி ரெஸ்டி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. நான் சரிசெய்த ஃப்ரிட்ஜில் பால் வெதுவெதுப்பாக இருக்கிறது; நான் சரிசெய்த இஸ்திரிப்பெட்டி ஜில்லென்று இருக்கிறது. இன்னொரு பொருளைக் கெடுத்தால் என் ஸ்பேனர் பெட்டி பழைய இரும்புக்காரனுக்குப் போய்விடும், அதற்குப் பிறகு வீட்டில் நான் ஒரு ஆணியைக்கூடத் தொட முடியாது.

சனிக்கிழமை காலை அவள் முடி பின்னிக்கொள்ள கம்பாலாவுக்குப் போனாள். மூன்று மணிக்குத் திரும்பி, கோமேசி என்ற விருந்து உடுப்பை உடுத்திக்கொண்டு, அவளும் அவள் அம்மாவும் காரில் ஒரு நிச்சயதார்த்த விருந்துக்குப் போவதாக ஏற்பாடு. நான் பின்னால் மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் போக வேண்டும். மாமியாரும் மருமகனும் ஒரே வண்டியில் ஏறுவதாவது! இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தாலே கைநடுக்க நோய் வரும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

மாமியார் மதியத்துக்குத்தான் வருவார் என்று நினைத்தேன். பத்து மணிக்கே கேட் சத்தம் கேட்டது. நான் காருக்கடியில் மல்லாந்து கிடந்தேன். தன் ஊர் மசாகாவிலிருந்து வாழைக்காய்த் தாரோடு வந்தவர், என் கால்களைப் பார்த்ததும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு பின்கட்டுச் சமையலறைக்கு ஓடினார். நான் முகத்தைச் சக்கரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மரியாதை காப்பாற்றப்பட்டது.

சமையலறைச் சுவருக்குப் பின்னாலிருந்து நலம் விசாரிப்பு தொடங்கியது. அதைப் பாதியில் நிறுத்தினால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம்.

"மாப்பிள்ளை, ராத்திரி நல்லா தூங்கினீங்களா?"

"தூங்கினேன் அத்தை. நீங்க?"

"தூங்கினேன். வேலையெல்லாம் எப்படிப் போவுது?"

"போவுது அத்தை."

"வீட்ல எல்லாரும் சுகமா?"

அந்த நேரம் பார்த்து எண்ணெய்த் தட்டின் கடைசி போல்ட்டுக்கு முந்தின போல்ட்டு கழன்றது. தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பத்து வருஷத்துக் கறுப்பு எண்ணெயை என் வாயில் கொட்டியது.

"சு..."

"என்ன, சுகம் இல்லையா?"

"சுகம்தான் அத்தை. துப்பிட்டுச் சொல்றேன்."

பில்டரை மாற்றினேன், தட்டைத் துடைத்து மாட்டினேன், புனல் வைத்துப் புது எண்ணெய் ஊற்றினேன். அளவு குச்சியில் எண்ணெய் நிறையத் தெரிந்தது. வெற்றி என்று நினைத்து ஸ்டார்ட் செய்து கியர் போட்டேன். இஞ்சின் அலறியது. கார் நகரவில்லை. ரிவர்ஸ் போட்டேன். அதற்கும் அசையவில்லை. மணி ஒன்றரை. மூன்று மணிக்கு ரெஸ்டி வந்துவிடுவாள்.

"மாப்பிள்ளை," என்றது சுவர். "அளவு எப்பப் பாத்தீங்க? இஞ்சின் ஓடும்போதா, நின்னப்பவா?"

அத்தை மசாகாவில் கன்னியாஸ்திரீகளின் வேனைப் பதினெட்டு வருஷம் ஓட்டியவர். அதுவும் ஆட்டோமேட்டிக்தான். இது எனக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது.

"நின்னப்ப, அத்தை."

"மாதாவே! நின்னப்ப பாத்தா நிறைஞ்ச மாதிரிதான் காட்டும். ஓடவிட்டுப் பாத்தா பாதி காணாது. பழைய எண்ணெய் எவ்வளவு வந்துச்சு?"

"பாதி பேசின்ல இருக்கு. மீதி சட்டையில."

"அப்ப சட்டையப் பிழிஞ்சு அளங்க."

ஒரே வழிதான் இருந்தது. இஞ்சின் ஓட வேண்டும், ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், இன்னொருவர் பார்த்துப் பார்த்து ஊற்ற வேண்டும். எங்கள் முற்றம் பக்கத்து வீட்டுப் பன்றிக் கொட்டகையை நோக்கிச் சரிகிறது; ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது. தெருவே விருந்துக்குப் போய்விட்டது, உதவிக்குக் கூப்பிட ஆளில்லை.

"நான் உக்கார்றேன்" என்றார் அத்தை.

"அத்தை! நாம ரெண்டு பேரும் எப்படி..."

"பானெட்டத் தூக்கி நிறுத்துங்க. அதைவிட நல்ல மறைப்பு எங்க இருக்கு? உங்க வீட்டுச் சுவத்துல விரிசல் இருக்கு மாப்பிள்ளை. காலையிலேருந்து நான்தான் திரும்பி உக்காந்திருக்கேன்."

நான் பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்து, மாமரத்தைப் பார்த்து நின்றேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சீட்டை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு இஞ்சின். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் தகரம். கல்யாணமான ஆறு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பக்கத்தில் இருந்ததே இல்லை.

"ரிவர்ஸ் போட்டாச்சு. இப்ப முன்கியர். ஊத்துங்க. ஏய், நிறுத்துங்க! கோயில்ல மெழுகுவத்தி ஏத்துற மாதிரி நிதானமா ஊத்தணும். கொழம்பா ஊத்துறீங்க?"

"நிதானமாத்தான் ஊத்துறேன் அத்தை. புனல்தான் பெருசு."

"புனல் பேசுதா, நீங்க பேசுறீங்களா? குச்சியப் பாருங்க."

நாற்பது நிமிஷம் திட்டு வாங்கினேன். கடைசியில் எண்ணெய் மேல் கோட்டைத் தொட்டது. ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பானெட்டை மூட வேண்டும். அத்தை ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொள்வதாகச் சொன்னார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு பானெட்டைப் படாரென்று போட்டேன், அதே மூச்சில் வீட்டுக்குப் பின்னால் ஓடும்போது கோழிக்கூண்டில் மோதினேன். கோழிகள் என்னைப் பற்றி என்ன நினைத்தன என்று சொல்ல விரும்பவில்லை.

கார் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது. ஏற்றத்தில் ஏறியது. ஒரு கியர், அடுத்த கியர், உதறலே இல்லை, எண்ணெயில் வழுக்குவது போலப் போனது. சுவரில் சாய்ந்துகொண்டு நான் அழுதேன். இதில் என்ன வெட்கம்? நான் தொட்ட ஒரு பொருள் வாழ்க்கையில் முதல்முறையாக வேலை செய்தது.

ஐந்து நிமிஷத்தில் கார் திரும்பி வந்தது. இரண்டு கதவுகள் திறந்தன. ஒரு குரல் ரெஸ்டியுடையது. மேட்டில் டாக்ஸியிலிருந்து இறங்கியவளை அம்மாவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். என் உயிர் அங்கேயே போய்விட்டது.

"ஏம்மா, நீ எதுக்கு வண்டிய எடுத்தே? இது என்ன முற்றமெல்லாம் எண்ணெய்? இதுல கைவச்சது யாரு?"

"எனக்கென்ன தெரியும்?"

"காலையிலேருந்து இங்கதானே இருக்கே! அவர்தானே செஞ்சார்?"

"மாப்பிள்ளை என்ன செய்றார்னு மாமியார் பாக்கலாமாடி? உன்னை அப்படியா வளத்தேன்? யாரோ மெக்கானிக் வந்தார். முகத்தப் பாக்கல. கை நல்ல கை. திட்டினா கோபப்படல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ரெஸ்டி வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். என் தலைமுதல் கால்வரை கறுப்பு எண்ணெய், அதன் மேல் கோழி இறகு. நான் விரிசல் விட்ட சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தலையைத் திருப்பி, அம்மாவுக்குக் கேட்கும்படிச் சத்தமாகச் சொன்னாள்.

"அம்மா, அடுத்த தடவையும் அந்த மெக்கானிக்கையே கூப்பிடலாம். முதல்ல அவரைக் குளிக்கச் சொல்லு."