பூ சொன்ன இடம்

கரிக்கலாம்பாக்கத்து அம்மன் கோயிலுக்கு அண்ணனும் தங்கையும் பூக் கேட்க வந்திருந்தார்கள். அம்மனின் இரண்டு தோளிலும் தோளுக்கொரு அரளிப்பூ. வலப்பக்கம் விழுந்தால் மஞ்சுளாவுக்கு வீடு கட்ட நாலு சென்ட். இடப்பக்கம் விழுந்தால் ஒன்றும் கிடையாது.

புருஷன் செத்த பிறகு மகளை இழுத்துக்கொண்டு வாடகை வீடு வாடகை வீடாக அலைகிறவள் அவள். அப்பா விட்டுப்போன நிலத்தை, பிளாட் போடுகிறவருக்கு மொத்தமாகப் பேசி முடித்துவிட்டான் அண்ணன் அரிகரன். சரிபாதி கேள் என்று ஊரே சொல்லியும், கூடப்பிறந்தவனோடு மல்லுக்கட்ட மனசில்லாமல் மூலையில் கொஞ்சம் இடம் போதும் என்றாள். ஆத்தா சொன்னால் தருகிறேன் என்றான், ரொம்ப நல்லவன் மாதிரி.

இடம் என்ற சொல் இருக்கிறதே, அது பொல்லாதது. மனையும் அதுதான், இடக்கைப் பக்கமும் அதுதான். தங்கச்சிக்கு ரொம்ப இடம் கொடுத்துட்டே என்று அண்ணி முணுமுணுப்பதும் அதைத்தான்.

பூ அசையவில்லை. கற்பூரம் அணைந்து மறுபடியும் ஏற்றியாயிற்று. பார்க்கத் தைரியமில்லாமல் மஞ்சுளா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இடம்" என்றார் பூசாரி பலராமன்.

கிடைத்துவிட்டது என்றுதான் அவள் காதில் விழுந்தது. அழுகை முட்ட அண்ணன் கையைப் பிடித்தாள். அவன் உருவிக்கொண்டான்.

"இன்னாத்துக்கு அழுவுற? இடப்பக்கம்டி. ஆத்தா இல்லன்னுட்டா."

கண்ணைத் திறந்தாள். பூ அம்மனின் இடக்காலடியில் கிடந்தது. அவமானத்தில் முகம் எரிந்தது. பூசாரி வேறு பக்கம் பார்த்தார்.

"நாளைக்குப் பத்திரம். வந்து கையெழுத்து மட்டும் போட்டுடு" என்றான் அரிகரன்.

மஞ்சுளா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இடுங்கற வார்த்தையிலேர்ந்துதான் இடம் வந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல தமிழ் எடுத்த ஸ்டெல்லா டீச்சர் சொல்லுவாங்க. இடறதுன்னா வெக்கறது, குடுக்கறது. நீ இடுவேன்னு நெனச்சேண்ணா."

"அதான் ஆத்தாவே சொல்லிட்டாளே."

"ஆத்தா சொன்னது சரிதான். நீ பிச்சையா இடறது ஒண்ணும் எனக்கு வேணாம். இனிமே இடம் கேக்க மாட்டேன். என் பாதியக் குடுத்துடு, அப்பறம் கையெழுத்துப் போடறேன்."

"அதுக்கும் ஒரு பூக் கேட்டுடலாமே" என்றான் அரிகரன்.

"என்னுத நான் எடுத்துக்க எதுக்குண்ணா பூ?"