ஏழாவது டவுட்டு

தேவசகாயம் சார் அறிவியல் ட்யூஷனை மூடியபோது, தீராமல் கிடந்த டவுட்டுகளை அந்தந்தப் பிள்ளைகளின் வீட்டில் கொண்டுவந்து விட்டார். பத்தாம் வகுப்பில் என் மகள் பியூலா கேட்டுப் பதில் கிடைக்காமல் போனவை ஏழு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். மூத்தவன் செல்வினுக்கு ஒன்றும் வரவில்லை. அவன் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. இப்போது சென்னையிலிருந்து போன் செய்தாலும் அப்படித்தான்.

பியூலா கனடாவில் வேலை பார்க்கிறாள். அவள் வந்து மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது.

ஏழும் பத்தாம் வகுப்பில் அவள் இருந்ததைப் போலவே ரெட்டைச் சடை போட்டிருந்தன. தீர்ந்த டவுட்டு எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, டவுன் பஸ் ஏறிப் போய்விடும். நான் எட்டாவதோடு நின்றவள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரிடம் புத்தகம் இரவல் வாங்கி, ஜெபம் பண்ணிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். தவக்காலம் முடிவதற்குள் ஆறு போய்விட்டன.

ஏழாவதை அனுப்ப மட்டும் மனசு வரவில்லை. தண்ணீருக்குள் கிடக்கிற பொருள் ஏன் மேலே தெரிகிறது என்பது அதன் கேள்வி. முழங்காலை ஆட்டிக்கொண்டே எழுதும். பால் சட்டியைச் சுரண்டித் தின்னும். நான் புத்தகத்தை பைபிளுக்கு அடியில் வைத்துவிட்டு, “இன்னைக்குத் தலவலி, நாளைக்குப் படிப்போம்” என்பேன்.

“நேத்தும் இதத்தானம்மா சொன்ன?”

“நேத்து பல்லுவலி.”

ஞாயிற்றுக்கிழமை பியூலா போன் செய்தாள்.

“எம்மா, டிக்கெட் கேட்டேன். எம் பேருல ஒரு டவுட்டு நிக்குதாம். அது தீர்ந்தாத்தான் பிளேன்ல ஏத்துவாங்களாம்.”

“அப்படியா?” என்றேன். டவுட்டு என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது.

அன்று மாலை ஜெபத்தைப் பாதியிலேயே நிறுத்தினேன். எழுந்துபோய் ஒரு கிண்ணத்தில் சட்டைப் பட்டனைப் போட்டேன். பட்டன் மறையும்வரை டவுட்டைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன்.

“இப்பத் தெரியுதும்மா! மேல வந்துட்டு!”

“வரலட்டி. வெளிச்சம் தண்ணியவிட்டு வெளிய வரும்போது வளையுது. நாம நேரா வருதுன்னு நெனச்சிக்கிடுதோம். பட்டன் இருந்த இடத்துலதான் இருக்கு. நமக்குத்தான் கிட்ட தெரியுது.”

அது கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பட்டனைத் தொட்டுப் பார்த்தது. பிறகு பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தது. பால் சட்டியைச் சுரண்டிவிட்டுப் போகச் சொன்னேன். பஸ் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பியூலா வந்தாள். ஆட்டோவிலிருந்து அவளுக்குப் பின்னால், என் பழைய பச்சைப் பாவாடையில் ஒரு டவுட்டும் இறங்கியது. எட்டாம் வகுப்பில் என் படிப்பை நிறுத்தியபோது, பாடத்தில் நான் கேட்காமல் விட்டது அது.

“உன்னோடதுதாம்மா. இத்தன வருஷமா எங்கூடத்தான் இருந்துச்சு. இது தீர்றவரைக்கும் நான் இங்கதான் இருக்கணுமாம்” என்றாள் பியூலா.

சாப்பிட்டதும் நோட்டைத் திறந்து, படம் வரைந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். நன்றாகச் சொல்கிறாள். முதல் தடவையே எனக்கு விளங்கிவிட்டது. பச்சைப் பாவாடைக்காரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுந்திருக்காமல் பால் சட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“புரிஞ்சிதாம்மா?”

“இல்லட்டி. மொதல்லருந்து சொல்லு” என்றேன்.